வெள்ளை என்று சொல்லாதவள்

இருநூற்றுப் பதினாலாவது வரி திரையில் வந்து நின்றதும் புல்குன் அதைப் பார்த்தாள், பார்க்காதவள் போலச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த பழைய கம்பளத்தைப் பார்த்தாள், பிறகு வேறு வழியில்லாமல் மறுபடி வரியையே பார்த்தாள். பால் வெள்ளை. அவ்வளவுதான். கல்மிக் மொழியில் இரண்டே சொல். பேசத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற சமாசாரம். இதை வாசிக்க அறுபத்தாறு வயதுப் பெண்பிள்ளைக்கு எதற்கு இத்தனை யோசனை என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தெல்கிருக்குத் தோன்றாமலா இருக்கும்? ஆனால் தெல்கிர் மொழியியல் படித்தவள், பொறுமைசாலி; அவசரமில்லை என்று கையை ஆட்டினாள். பதினோரு வாரமாக, செவ்வாயும் வியாழனும் மதியத்துக்கு மேல், ருஷ்ய நாட்டின் தென்கோடியில், கல்மிக் சனத்தின் ஊரான எலிஸ்தா நகரத்து நூலகத்தின் இந்த நிலவறையில் புல்குன் வந்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். எழுத்தைக் கொடுத்தால் வாய்விட்டுக் கல்மிக் பேசும் இயந்திரம் ஒன்றைத் தெல்கிர் செய்கிறாள், அதற்கு ஒரே ஆளின் குரல் இரண்டாயிரம் வரிகளுக்கு வேண்டுமாம். ஊரில் சரளமாகக் கல்மிக் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருக்கிற காலம். அதிலும் உடையாத குரல், ஒலிவாங்கிக்குப் பயப்படாத குரல் வேண்டும் என்று தேடியதில் புல்குன் மாட்டினாள். இரண்டாயிரத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது முடிந்துவிட்டன. மீதி முப்பத்தொன்று. ஒவ்வொரு தடவையும் இருமல், தொண்டைக் கரகரப்பு, மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அவள் தாண்டிப்போன வரிகள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதுதான் முப்பத்தொன்றிலும் ஒரே சொல் இருக்கிறது என்று தெல்கிர் கண்டுபிடித்தாள். இன்று கடைசி வியாழக்கிழமை.

விஷயம் சின்னது. கல்மிக் வீட்டுக்கு மருமகளாகப் போகிறவள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. நம் பக்கத்திலும் புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைக் காட்டிச் சிரிக்கிற பெண்கள் இருந்தார்கள்; இவர்கள் இன்னும் ஒரு படி மேலே. பெயர் எந்தச் சொல்லோ அந்தச் சொல்லையே மருமகள் நாக்கு தொடக்கூடாது. மாமனார் பெயர் வெள்ளி என்றால் வீட்டில் வெள்ளிக் கரண்டி இருக்கும், அவள் வாயில் வெள்ளி என்ற சொல் இருக்காது. புல்குனின் மாமனாருக்கோ பெற்றவர்கள் வெள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்மிக்கில் அது எப்படி ஒலிக்கும் என்பது இப்போதைக்கு இருக்கட்டும். நாமும் இந்த அறையில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம், அவள் சொல்லாததை நாம் முந்திக்கொண்டு சொல்வது மரியாதையில்லை. கல்யாணம் ஆன முதல் வாரம் மாமியார் அடுப்படியில் அவளை நிறுத்தி, ஒரு பாத்திரத்தை மாற்றிக் கொடுப்பதுபோல மாற்றுச் சொல்லைக் கொடுத்தாள்: கெகேன். வெளிச்சம் என்று பொருள். அன்றிலிருந்து பால் வெளிச்சம், ஆடு வெளிச்சம், பனி வெளிச்சம், தலைநரைகூட வெளிச்சம். பெயரே வெள்ளை மாதம் என்று இருக்கிற வசந்தப் பண்டிகைக்கு அவள் வெளிச்ச மாதத்து வாழ்த்துச் சொன்னாள், வந்தவர்கள் புரிந்துகொண்டு சிரித்தார்கள். ருஷ்ய மொழியில் மட்டும் எந்தத் தடையும் இல்லை. ருஷ்ய மொழியில் அவளுக்கு மாமனாரே கிடையாது. கடையில் வெள்ளை ரொட்டி கேட்பாள், வெள்ளைத் துணி கேட்பாள், நாக்கு கூசாது. அந்தப் பக்கம் போனதும் இடுப்பில் இறுக்கிக் கட்டியதை அவிழ்த்ததுபோல இருக்கும், அது அவளுக்கே பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொண்டால் என்ன? பிடித்துத்தான் இருந்தது. மாமியாருக்கு வேறு சொல் தடை, அவளுடைய மாமனார் பெயர் இரும்பு. ஒரே அடுப்படியில் ஒருத்திக்கு இரும்பு கிடையாது, இன்னொருத்திக்கு வெள்ளை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொன் கிடையாது. அந்தக் காலத்து மருமகள்கள் எல்லோரையும் ஒரு மைதானத்தில் நிறுத்தி, அவரவருக்கு இல்லாத சொல்லை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கும் என்று அவள் சில சமயம் யோசிப்பாள். சூரியன் இருக்குமா? நாய் இருக்கும், இல்லை, கண்பட்டுவிடக்கூடாது என்று நாய் என்றும் பெயர் வைப்பார்களே, அதுவும் போயிற்று. எல்லாப் பெண்களும் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஒரு சொல்லாவது மிஞ்சியிருக்கும், அது எது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது.

சூடேற்றும் குழாய் டக் டக் என்று தட்டியது. நிலவறைக் கூரையை ஒட்டிப் போகிற குழாய் அது, கொதிநீர் வந்தால் தட்டும், தட்டினால் பதிவு கெட்டுவிடும், நிற்கிறவரை காத்திருக்கவேண்டும். புல்குனுக்கு அந்தக் குழாய்மேல் இன்று பிரியமே வந்தது. ஒரு துண்டு பச்சை ஆப்பிளைக் கடித்தாள். வாய் உலர்ந்து ஒட்டுகிற சத்தம் ஒலிவாங்கியில் விழாமல் இருக்க ஆப்பிள் தின்னவேண்டும் என்று தெல்கிர் முதல் நாளே சொல்லியிருந்தாள். புல்குன் பதிலுக்கு, முப்பது வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொன்ன எனக்கா என்று கேட்டு, ஆனாலும் தின்றாள். வோல்கோகிராத் செல்லும் பேருந்து இரண்டாவது நடைமேடை. ஸ்தாவ்ரபோல் செல்லும் பயணிகள் கவனிக்கவும். எல்லாம் ருஷ்ய மொழியில். பாதி ஊர் அவள் குரலைக் கேட்டுத்தான் ஊரைவிட்டுப் போனது. போகிறவர்களுக்குக் கல்மிக்கில் சொல்கிற வாழ்த்து ஒன்று உண்டு, வெள்ளை வழி ஆகட்டும் என்று. வேறு யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கடைசியில் அதைச் சேர்த்துச் சொல்லியிருப்பாளோ என்னவோ. இவள் பொத்தானை அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கு அணைந்ததை இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, தனக்குள் வெளிச்ச வழி என்பாள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு சன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் ஒருத்தருக்கும் அது கேட்டதில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேருந்து, வருஷத்துக்கு எத்தனை, முப்பது வருஷத்துக்கு எத்தனை என்று கணக்குப் போடப் பார்த்து விட்டுவிட்டாள்.

“அண்ணி,” என்று காதுக்கருவியில் தெல்கிரின் குரல் வந்தது. தெல்கிர் புல்குனின் கணவனுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை, அதே கிளை, அதே வம்சம். நாற்பது வயது ஆகிறது. “கஷ்டமா இருந்தா விட்டுடலாம். நோகலாவை வச்சு அந்த ஒரு வார்த்தையை மட்டும் பதிஞ்சு உங்க வரிக்குள்ள ஒட்டிடலாம். கேக்குறவங்களுக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது.” நோகலாவா? வானொலியில் செய்தி வாசித்த நோகலாவா, ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுகிறவள் மாதிரி பேசுவாளே அவளா? புல்குன் பேசிக்கொண்டே வருவாள், பால் என்பாள், நடுவில் நோகலா எட்டிப்பார்த்து ஒன்று சொல்லிவிட்டுப் போவாள். தன் உடுப்பில் அடுத்தவள் துணியை வைத்து ஒட்டுப்போட்டதுபோல. வித்தியாசம் தெரியாதாம்! அவளுக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததே என்று ஆச்சரியமாகவும் இருந்தது. சொல்லவே முடியாத ஒரு சொல்லின்மேல் ஒருத்திக்கு இத்தனை உரிமை எங்கிருந்து வருகிறது? நேற்று உருளைக்கிழங்கு சீவும்போது ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தாள். வீட்டில் யாருமில்லை, கணவன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, மாமனார் போய் முப்பதுக்கு மேல். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள், தண்ணீர்ச் சத்தத்தில் போகட்டும் என்று. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் போய்ச் சரியான இடத்தில் நின்றது. இத்தனை வருஷம் போகாத இடத்துக்கு அதற்கு வழி தெரிந்திருந்தது! சின்ன வயதில், கல்யாணத்துக்கு முன்னால், இருபத்தொரு வருஷம் சொன்ன சொல்தானே. நின்ற நாக்கு நின்றபடியே இருந்தது. உருளைக்கிழங்குத் தோல் அறுந்து பாத்திரத்தில் விழுந்தது, அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அந்தச் சீவிய கிழங்கைப் பார்த்து, நீ என்ன நிறம் என்று மனதுக்குள் கேட்டாள், மனதுக்குள்ளும் வெளிச்சம் என்றுதான் வந்தது.

அப்படியானால் மனதுக்குள்ளேயே அது இல்லையா? சொல்லாமல் இருப்பது வேறு, இல்லாமலே போவது வேறு. இந்த இடத்துக்கு வந்தால் அவள் நினைப்பு எப்போதும் ஒரே ஆணியில் சிக்கிக் கிழியும், அந்த ஆணிக்குப் பெயர் எரென்சென். அவளுடைய ஒரே மகன். ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் கல்மிக் பாடம் என்று வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒன்றும் தெரியாது, இவனுக்குத்தான் பேச்சு ஓடும், அதனால் வாத்தியாரம்மா இவனைத்தான் முதலில் எழுப்பினாள். பனி என்ன நிறம்? கெகேன் என்றான் பிள்ளை. வெளிச்ச நிறமாம். அம்மா வாயிலிருந்து வந்தது எதுவோ அதுதானே பிள்ளைக்குத் தாய்மொழி. பாட்டி அவன் பிறக்கும் முன்பே போய்விட்டாள், அந்த வீட்டில் அப்பா வாயைத் திறப்பது சாப்பிடத்தான், தாத்தாவோ தன் பெயரைத் தானே எதற்குச் சொல்லப்போகிறார், ஆக அந்தச் சொல்லை அவன் கேட்க வழியே இல்லை. உங்க வீட்டுப் பனியில பல்பு எரியுதாடா என்று யாரோ கேட்க, வகுப்பே சிரித்தது. கல்மிக் தெரியாத பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கல்மிக் தெரிந்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்று, ருஷ்ய மொழியில் சொன்னான்: “இனிமே என்கிட்ட மனுஷங்க பேசுற மாதிரி பேசு.” அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து கல்மிக் வரவில்லை. இப்போது நாற்பத்து மூன்று வயது, சரத்தோவ் நகரத்தில் பொறியாளர், வாரத்துக்கு ஒரு தடவை தொலைபேசி, எல்லாம் ருஷ்யம். மொழி அழிந்தது சைபீரியாவால் என்று கூட்டங்களில் பேசுவார்கள், போர்க்காலத்தில் கல்மிக் சனம் மொத்தத்தையும் ரயிலில் ஏற்றிப் பதின்மூன்று வருஷம் பனிக்காட்டில் போட்டால் என்ன மிஞ்சும் என்பார்கள். உண்மை. அவளே அங்கே பிறந்தவள்தான், அவளுக்கு அது தெரியாதா? ஆனால் அவள் வீட்டில் மொழி சைபீரியாவிலிருந்து உயிரோடு திரும்பி வந்துவிட்டது. வந்த பிறகு, அவளுடைய அடுப்படியில், அவளுடைய மரியாதையால் செத்தது. கூட்டத்தில் இதை எழுந்து நின்று யாரிடம் சொல்வது?

மாமனாருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது, பிள்ளையே சொன்னானோ என்னவோ. இரண்டு நாள் கழித்துப் பொழுது சாய்கிற நேரம், அவள் உப்புப் போட்ட பால் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வருகிறவரே இல்லை. கதவுச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்: “பிள்ளைக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடும்மா. நீ சொல்லு. நான் வெளிய போறேன், எனக்குக் கேக்காது.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் போய்க் கோட்டைப் போட்டார், ரோமத் தொப்பியை எடுத்தார், அதன் காதுமடல்களை இழுத்துவிட்டுத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டார். எந்தக் குளிரிலும் அவர் காதுமடலைக் கட்டியவர் இல்லை, சைபீரியாவுக்குப் பிறகு இந்த ஊர்க் குளிரெல்லாம் ஒரு குளிரா என்பார். கட்டிக்கொண்டு போய் முற்றத்து ஓரத்தில், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். சன்னல் வழியாக அவள் பார்த்தாள். பனி விழுந்துகொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவள் இந்தப் பக்கம், நடுவில் ஒரு கிண்ணம் பால். சொல்ல வாயைத் திறந்தாள். முதுகு தெரிந்தது. அந்த முதுகை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவர் ஒரு தடவை சொல்லியிருந்தார், வேறு எதற்கோ பேச்சு வந்தபோது, அவளிடம் இல்லை, விருந்தாளியிடம். சைபீரியாவில் மாதம் ஒரு தடவை அலுவலகத்தின் முன்னால் வரிசையில் நிற்கவேண்டும், ஆள் இருக்கிறானா ஓடிவிட்டானா என்று அதிகாரி பெயரைக் கூப்பிடுவான், சரியாகக்கூடக் கூப்பிடத் தெரியாமல் கத்துவான், ஆஜர் என்று கையெழுத்துப் போடவேண்டும். பதின்மூன்று வருஷம் என் பெயரை அவன் கத்தினான், இப்போ என் வீட்டில் அது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று சிரித்தார் மாமனார். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டாள். ஓய்வெடுக்கிற பெயரை எழுப்புகிறவள் அவளாகவா இருக்கவேண்டும்? அரைமணி நேரம் அவர் நின்றார். தோளில் பனி ஏறிவிட்டது. உள்ளே வந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டு கேட்டார்: “முடிஞ்சுதா?” அவள் சொன்னாள், “முடிஞ்சுது.” பிள்ளை அவளைப் பார்த்தான். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். ஐந்து நாள் போய் நின்றார், ஐந்து நாளும் கேட்டார், ஐந்து நாளும் அவள் முடிந்தது என்று பொய் சொன்னாள். ஆறாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

குழாய் தட்டுவது எப்போது நின்றது என்று தெரியவில்லை. தெல்கிர் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். தெல்கிருக்கு இந்த வழக்கம் எல்லாம் தெரியும், அதைப் பற்றி ஆய்வு எழுதியிருக்கிறாள், எந்த ஊர் மருமகள் எதற்கு எதைச் சொன்னாள் என்று அட்டவணை போட்டிருக்கிறாள். கெகேன் என்று கேட்டதும் கண் விரிந்து, அண்ணி இதையும் தனியா பதியணும், இது வேற எங்கயும் கிடைக்காது என்று அன்றைக்கே பதிந்துகொண்டாள். ஆனால் அட்டவணையில் முதுகு கிடையாது. புல்குன் தண்ணீர் குடித்தாள். தொண்டைக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் காதுக்கருவியில் பெரிதாகக் கேட்டது, தன் உடம்பே பக்கத்து வீடு மாதிரி. இரண்டு வாரத்துக்கு முன்னால் எரென்சென் தொலைபேசியில் பேசியபோது இந்த இயந்திரத்தைப் பற்றிச் சொன்னாள், பெருமைக்குத்தான் சொன்னாள். அவன் கேட்டான்: “உன் குரல்லயே பேசுமா? எது கேட்டாலும்?” எது எழுதிக் கொடுத்தாலும் வாசிக்கும் என்றாள். “அப்போ முதல்ல நான் ஒண்ணு எழுதிக் கொடுப்பேன். பனி என்ன நிறம்னு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். முப்பத்தாறு வருஷம் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, மறந்துவிட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். “நீ சொல்லி நான் கேட்டதே இல்லையேம்மா,” என்றான். அதில் குத்தல் இருந்ததா என்று அவள் அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டாள். குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்ற ஆசை மட்டும்தான் இருந்தது, அவளுக்கு இருப்பது போலவே. அவன் எழுதிக் கொடுப்பான், இயந்திரம் அவள் குரலில் பனி என்று சொல்லும், அப்புறம் நோகலா வந்து மீதியைச் சொல்வாள். அவனுக்கு அப்போதும் அம்மா சொன்னதாக இருக்காது.

பயம் இல்லையா என்றால், இருந்தது. செத்தவர் கோபப்படுவார் என்ற பயமா? அதுகூடப் பரவாயில்லை, அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை, ஒரு தடவை பார்த்தால்தான் என்ன. உண்மையான பயம் வேறு. சொல்லிவிட்டால் அது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டால்? நாற்பத்தைந்து வருஷம் வாய்க்குள் பொத்திவைத்தது வெறும் ஒரு சொல், பாலுக்கும் பனிக்கும் சொல்கிற சாதாரணச் சொல், அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டால், பிள்ளையின் முகத்தையும் பேருந்துகளையும் அந்த ஐந்து சாயங்காலத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? இருந்தும், பல் ஆடினால் நாக்கு அங்கேயே போய் நிற்பது போல, அவள் மனம் அதையே போய்த் தொட்டது. எப்படி இருக்கும்? இனிக்குமா, கூசுமா? குரல் மாறுமா? இருபத்தொரு வயதில் நின்றுபோன சொல், இருபத்தொரு வயதுக் குரலிலேயே வந்துவிடுமோ?

“தெல்கிர்,” என்றாள் புல்குன். “நீ கொஞ்சம் வெளிய போ.”

“வெளியவா? நடைகூடத்துலயா அண்ணி?”

“இல்ல. கட்டடத்துக்கு வெளிய. முற்றத்துக்கு.”

தெல்கிர் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தாள். “அண்ணி, பதிவை யார் பாத்துக்கிறது? அப்புறம், நான் கேட்டா என்ன? நான் அந்த வீட்டுப் பொண்ணு. எனக்கு அந்தப் பேருக்குத் தடையே கிடையாதே.”

“அந்த வீட்டுப் பொண்ணுங்கிறதாலதான் போகச் சொல்றேன். பொத்தான் எது, பச்சைதானே? முப்பது வருஷம் பொத்தான் அமுக்குனவ நான். கோட்டு போட்டுக்கோ, காத்தடிக்குது. தொப்பியை நல்லா இழுத்துவிட்டுக்கோ.”

தெல்கிர் ஏதோ கேட்க வந்தாள், அட்டவணைக்காரி அல்லவா, ஆனால் புல்குனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிவுக் கருவியைக் கழற்றி எடுத்தாள். உள்ளே கொண்டுவந்து புல்குனின் மேசைமேல் வைத்தாள். கோட்டு, பின்னல் தொப்பி, கதவு. மாடிப்படியில் காலடி ஏறிப் போனது. நிலவறைக்கு ஒரே ஒரு சன்னல், கூரைக்குக் கீழே, நீளமாக, ஒரு முழ உயரம். அதன் வழியாகத் தெரிவது முற்றத்துத் தரை மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சன்னலில் தெல்கிரின் பூட்ஸ்கள் வந்து நின்றன. குதிகால் இந்தப் பக்கம் இருந்தது. அவளும் முதுகைக் காட்டித்தான் நிற்கிறாள், யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. மார்ச் மாதத்துக் கடைசிப் பனி தரையில் திட்டுத்திட்டாகக் கிடந்தது. புல்குன் அதைப் பார்த்தாள். ஒரு கண்ணுக்கு அது வெளிச்சம்தான், பொய்யில்லை, மாமியார் கொடுத்த சொல் ஒன்றும் கெட்ட சொல் இல்லை. இன்னொரு கண்ணுக்கு? பச்சைப் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி மௌனம் விடவேண்டும் என்பது தெல்கிரின் விதி. ஒரு நொடி போயிற்று. பத்து நொடி போயிற்று. நாக்கு போய்ப் பல்லுக்குப் பின்னால் நின்றது, நேற்றைப்போலவே. பூட்ஸ் ஒன்று இடம் மாறி மிதித்தது, குளிருகிறது பாவம். நிற்கிறவளுக்குக் குளிரும் என்பது அன்றைக்கு ஏன் அவளுக்கு உறைக்கவில்லை? எழுபத்திரண்டு வயது மனிதர் ஐந்து நாள் நின்றார். அவர் கேட்டது மரியாதையை இல்லையே. மரியாதையை அவரே முடிச்சுப் போட்டுக் காதோடு கட்டிக்கொண்டு வெளியே கொண்டுபோய்விட்டாரே, சொல்லை அவளுக்கு விட்டுவிட்டு! இவள்தான் ஐந்து நாளும் அவரை வீணாகப் பனியில் நிறுத்தினாள். இது இத்தனை வருஷத்தில் இன்றுதான் அவளுக்குத் தெரிந்தது, தெரிந்த வேகத்தில் அழுகை வந்தது, அழுதால் மூக்கு அடைத்துக் குரல் கெடும் என்று தொழில் புத்தி உடனே அதட்டியது.

“பால் த்ஸகான்,” என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை. குழாய்கூடத் தட்டவில்லை. த்ஸகான். முதலில் பல்லில் பட்டுச் சின்னதாகச் சீறி, பிறகு தொண்டைவரை திறந்து, மூக்கில் முடிகிறது. இனிக்கவில்லை. வாய் அகலமாகத் திறக்கவேண்டியிருக்கிறது, அது மறந்துபோயிருந்தது. இருபத்தொரு வயதுக் குரல் இல்லை, அவளுடைய இன்றைய குரல்தான், கொஞ்சம் கட்டியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சரியாக வந்தது. வெறும் சொல்தான். ஆனால் வெறும் சொல் என்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லையே! அடுத்த வரி. ஆட்டுக்குட்டி த்ஸகான். அடுத்தது. த்ஸகான் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஒரு நொடி மௌனம் விட்டு, விழுங்காமல், அடுத்தது. பண்டிகை மாதத்து வரிகள் நாலு. நரைத்த தலை வரி ஒன்று. பனி என்ன நிறம், பனி த்ஸகான்: இதை மூன்று தடவை வாசித்தாள், ஒரு தடவை வாத்தியாரம்மாவுக்கு, ஒரு தடவை இயந்திரத்துக்கு, ஒரு தடவை மெதுவாக, தொப்பியைக் கழற்றாமல் நிற்கிற ஏழு வயதுப் பிள்ளைக்கு. அவசரமே இல்லை, கண்ணு, கேட்டுக்கோ. முப்பத்தொன்றாவது வரி பயணம் போகிறவர்களுக்கு. த்ஸகான் ஹால்க. வெள்ளை வழி. அறிவிப்புக் குரலிலேயே சொன்னாள், கடைசிப் பேருந்துவரை கேட்கிற குரலில். பொத்தானை அணைக்காமல் சொன்னாள். பிறகு அணைத்தாள். சன்னலில் பூட்ஸ்கள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தன. ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. அவள் நாற்காலிமேல் ஏறி, கைக்குட்டையைச் சுற்றிய கையால் சன்னல் கண்ணாடியைத் தட்டினாள்.

படியில் காலடி இறங்கி வந்தது. கதவு திறந்தது, குளிர்காற்று கம்பளத்தை அசைத்தது. தெல்கிர் மூக்கு சிவந்து, தொப்பியைக் காதுக்குமேல் தூக்கிவிட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். தோளில் பனித்துகள் இருந்தது, எப்போது விழத் தொடங்கியது என்று புல்குனுக்குத் தெரியவில்லை.

“முடிஞ்சுதா?” என்று கேட்டாள் தெல்கிர்.

புல்குன் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“முடிஞ்சுது, மாமா,” என்றாள்.